பீச்சங்குக்கு மூன்று சுற்று

ஏழு வருடம் நான் பார்த்த வேலைக்கு ஒழுங்கான பெயர் கிடையாது. பிச்சாவரம் படகுத்துறையில், காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படகிலிருந்து இறங்கி வருகிறவர்களின் பையைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். தாளில் தற்காலிகக் காவலர் என்று எழுதியிருந்தார்கள். அம்மா சொந்தக்காரர்களிடம், "பையன் ஃபாரஸ்ட்டுல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் நான் துப்பாக்கியோடு புலிக்குப் பின்னால் அலைவதாக நினைத்துக்கொண்டார்கள். நான் அலைந்ததெல்லாம் பிளாஸ்டிக் கூடைகளுக்கும் ஹேண்ட்பேக்குகளுக்கும் பின்னால்தான்.

காடு என்றால் புலி, யானைக் காடு இல்லை. உப்பங்கழிச் சேற்றில் வேர்களைக் கால் போல ஊன்றிக்கொண்டு நிற்கும் சுரபுன்னைக் காடு. நடுவில் ஓடை ஓடையாகத் தண்ணீர். துடுப்புப் படகில் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம். பாதுகாக்கப்பட்ட காடு, உள்ளேயிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்று ஆள் உயரப் பலகை ஒன்று துறை வாசலிலேயே நின்றது. அந்தப் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாத குடும்பம் கிடையாது. அதைப் படித்த குடும்பம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கடல் உள்ளே வந்தபோது இந்தக் காடுதான் பின்னாலிருந்த ஊர்களைக் காப்பாற்றியது என்று பேப்பரிலெல்லாம் வந்திருந்தது. உண்மைதான். அதைப் படித்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். காட்டைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். கலங்கி முடித்ததும் ஆளுக்கு ஒரு துண்டு ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீரில் மூழ்கியவனைக் கரையேற்றியவனுக்கு நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று அவன் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது எனக்கு.

என்னவெல்லாம் எடுத்தார்கள் என்று கேட்டால், எதை எடுக்கவில்லை என்று சொல்வது சுலபம். சுரபுன்னைக் காய் முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். மரத்திலேயே முளைவிட்டு, பழுத்ததும் நேராகச் சேற்றில் விழுந்து குத்திட்டு நிற்கும். அதைக் கட்டுக் கட்டாகப் பறித்து வருவார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாள் அதைச் சாம்பாரில் போடலாமா என்று கேட்டார். தாராளமாகப் போடுங்கள் என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஒருவர் தண்ணீர் பாட்டிலுக்குள் சிறு நண்டை அடைத்துக்கொண்டு வந்தார். மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டிருக்கிறாராம், அந்த அளவுக்கு ஜீவகாருண்யம். ஒரு கல்லூரிப் பெண் டிபன் பாக்ஸ் நிறையச் சேறு அள்ளி வந்தாள். முகத்தில் பூசினால் பளபளப்பு வருமாம். அந்தச் சேற்றின் நாற்றத்துக்கு நாங்களே மூக்கைப் பொத்திக்கொள்வோம். கடலூரிலிருந்து வேன் வைத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்த வாத்தியார் ஒருவர், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து இலை என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். பிள்ளைகள் ஏறிய படகு ஒதுங்கிய இடமெல்லாம் ஆடு மேய்ந்த மாதிரி ஆகிவிட்டது. வாத்தியாரைக் கேட்டேன்.

"இயற்கைய நேசிக்கக் கத்துக் குடுக்கறோம் சார்" என்றார்.

பிடிபட்ட எல்லாரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "ஒண்ணே ஒண்ணுதானே சார்." டாக்டரும் இதைத்தான் சொன்னார், வக்கீலும் இதைத்தான் சொன்னார், காட்டுமன்னார்கோயில் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்தவரும் இதைத்தான் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை ஒண்ணே ஒண்ணு வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. பிடுங்கி வைத்ததையெல்லாம், துறையில் நாங்கள் உட்காரும் ஷெட் மூலையில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் போட்டு வைப்பேன். சாயந்திரம் படகோட்டி ஒருவன் அவற்றை ஏற்றிக்கொண்டு போய், முளைக்கக் கூடியதைச் சேற்றில் குத்திவிட்டு, மற்றதைத் தண்ணீரில் கொட்டிவிட்டு வருவான். கிள்ளைப் பக்கத்துக்காரன், என் வயசுதான். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். ஏழு வருடத்தில் அந்தத் துறையில் எனக்கு வாய்த்த ஒரே நல்ல சகவாசம் அவன்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது தில்லை மரத்தின் விஷயத்தில்.

நான் சிதம்பரம் வடக்கு வீதிக்காரன். கோயில் கோபுரத்தைப் பார்த்துத்தான் பல் விளக்குவேன். எங்கள் ஊருக்குத் தில்லை என்றே பெயர். நடராஜர் கோயிலுக்குத் தல விருட்சமும் தில்லைதான். ஆனால் ஊருக்குள் தில்லை மரம் கிடையாது. ஒரு காலத்தில் காடாக இருந்ததாம். இப்போது பிச்சாவரத்துக்கு வந்தால்தான் பார்க்கலாம். தாவரவியல் படித்து முடித்து, அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் நானே முதல் முதலாக அதைப் பார்த்தேன். பெரிய அழகெல்லாம் இல்லை. நடுத்தர உயரம், பளபளப்பான இலை. உதிர்வதற்கு முன்னால் அந்த இலை நல்ல சிவப்பாக மாறும். எங்கே கீறினாலும் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் கண் தெரியாமல் போய்விடும். படகோட்டிகள் அந்த மரத்துப் பக்கம் துடுப்பைக்கூடக் கொண்டுபோக மாட்டார்கள்.

காட்டுக்குள் தில்லை நிறைய உண்டு, ஆனால் இறங்கி நடக்க முடியாத சேற்றுக்கு அப்பால். கரையில், ஷெட்டிலிருந்து படகுக்குப் போகும் வழியோரம், ஒரே ஒரு தில்லை நின்றது. யாரும் வைத்ததில்லை, தானாக வந்தது. அதுதான் மாட்டிக்கொண்டது.

கோயிலில் கும்பிட்டு முடித்தவர்களிடம், தல விருட்சம் பிச்சாவரத்தில் இருக்கிறது, ஒரு கொத்து ஒடித்துப் பூஜை அறையில் வைத்தால் வீட்டுக்கு நல்லது என்று யாரோ புண்ணியவான் கிளப்பிவிட்டிருக்கிறான். நெற்றி நிறைய விபூதியோடு வந்து இறங்குவார்கள். படகு வேண்டாம், காடு வேண்டாம். "தில்ல மரம் எது சார்?" என்பதுதான் முதல் கேள்வி. காட்டினால் போதும், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், கும்பிடுவார்கள், கும்பிட்ட கையாலேயே ஒடிப்பார்கள்.

நான் ஒரு தகரத்தை வெட்டி, பெயிண்ட்டில் "தில்லை மரம். பால் கண்ணுக்கு ஆபத்து. தொடாதீர்" என்று என் கையால் எழுதி அடிமரத்தில் கம்பி போட்டுக் கட்டினேன். படித்த முட்டாள்தனம் என்பது அதுதான். அதுவரை எது தில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அதற்குப் பிறகு கேட்கவே வேண்டியதில்லை. முதல் வார்த்தையை மட்டும் படித்துவிட்டுக் கையை ஓங்கினார்கள். ஆபத்து என்று எழுதியிருக்கிறதே என்றால், பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சாமி மரம் போயி பக்தருங்க கண்ணக் குத்துமா? அதெல்லாம் நம்பாதவுங்களுக்கு."

நம்பிய இரண்டு மூன்று பேரை நானே கண் வீங்கிய நிலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறேன். அப்போதும் ஒருவர் அந்தக் கொத்தை விடவில்லை. ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். என்ன பக்தியோ.

இரண்டு வருடத்தில் மரத்தின் கைக்கு எட்டிய கிளை ஒன்றுகூட மிச்சமில்லை. எட்டாத கிளைக்குக் குடைக்கம்பை மாட்டி இழுத்தார்கள். ஒடிந்த இடத்திலெல்லாம் பால் வடிந்து காய்ந்து கறுத்துக் கிடந்தது. தலையில் ஒரு பிடி இலை. இன்னும் ஒரு ஆருத்ரா தரிசனம் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. காலையில் துறைக்கு வந்ததும் முதலில் அந்த மரத்தைத்தான் போய்ப் பார்ப்பேன். நேற்று இருந்த துளிர் இன்று இருந்தால் அன்று முழுவதும் மனசு நன்றாக இருக்கும். என் வாழ்க்கையில் அந்த நேரத்தில் அப்படிப் போய்ப் பார்க்க வேறொன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மார்கழியில், தரிசனக் கூட்டம் வேன் வேனாக இறங்கிய ஒரு நாள். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கும்பல், "தில்ல மரம் எதுங்க?" என்று கேட்டது. என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"அதோ, வேலி ஓரமா பச்சையா மண்டியிருக்குது பாருங்க. அதான்."

நான் காட்டியது பீச்சங்குப் புதரை. சங்கங்குப்பி என்று மரியாதையாகவும் சொல்வார்கள். உப்பங்கழி ஓரத்தில், ரோட்டோரத்தில், எங்கே பார்த்தாலும் தானாக மண்டிக் கிடக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரியும். பால் கிடையாது, விஷம் கிடையாது, எவ்வளவு ஒடித்தாலும் அடுத்த வாரம் தழைத்துவிடும். எங்கள் எல்லைக்கு வெளியே நின்றதால் அதை ஒடிக்காதே என்று சொல்லச் சட்டமும் இல்லை.

கும்பல் அப்படியே அதன் முன்னால் விழுந்து கும்பிட்டது. முதல் நிமிடம், யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். அடுத்த நிமிடம் சிரிப்பு வந்தது. அதற்கடுத்த நிமிடம் நான் அர்ச்சகராகவே ஆகிவிட்டேன்.

"கத்தி படக் கூடாது. மூணு சுத்து சுத்திட்டு, கையால ஒரு கொத்து மட்டும் ஒடிங்க" என்றேன்.

சுற்றினார்கள். பீச்சங்கை மூன்று சுற்றுச் சுற்றி, கொத்தை ஒடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். நாற்றத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெய்வீக வாசனை என்றுகூட ஒருவர் சொன்னார்.

அன்றைக்கே நான் செய்த அடுத்த வேலை, தில்லையின் அடிமரத்தில் கட்டியிருந்த தகரத்தைக் கழற்றி ஷெட்டுக்குப் பின்னால் சொருகி வைத்தது. அது இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இது என்ன மரம் என்று யாராவது தில்லையைக் காட்டிக் கேட்டால், "அது ஒண்ணுமில்ல, சும்மா காட்டு மரம்" என்று சொல்லிவிடுவேன்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு வருடம் எனக்கு நல்ல காலம். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் பீச்சங்கைச் சுற்றினார்கள். ஒருவர் அதற்கு மஞ்சள் துணி கட்டினார். இன்னொருவர் அதன் அடியில் விளக்கேற்றினார். சாயந்திரம் வீட்டில் காபி குடிக்கும்போது, இந்நேரம் எத்தனை பூஜை அறையில் பீச்சங்கு மணந்துகொண்டிருக்கும் என்று நினைத்துத் தனியாகச் சிரிப்பேன். நான் எழுதி வைத்த உண்மையை மதிக்காதவர்கள், என் பொய்யை எப்படித் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அவர்களை நான் நன்றாக ஏமாற்றினேன், அதில் எனக்கு வெட்கமே இருக்கவில்லை.

மரம் பிழைத்தது. ஒடிந்த இடங்களிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளை வந்தது. மூன்றாவது வருடம் கிளைகள் வழிக்கு மேலேயே நிழலாக நீட்டிக்கொண்டன. இலை சிவந்து உதிரும் நாட்களில் நான் சும்மா போய் அதன் பக்கத்தில் நிற்பேன். பூ விட்டது, தேனீ வந்தது. இது என் மரம் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை எனக்கு.

படகோட்டிக்கு மட்டும் எல்லாம் தெரியும். ஆரம்பத்தில் அவனும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் ஒரு நாள் படகைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"மச்சான், மின்னயாவது பாலு படும், கண்ணு போவும்னு சொல்லுவ. இப்ப அதையும் உட்டுட்ட. ஒண்ணுமில்லாத மரம்ங்கற. நாளைக்கு யாராச்சும் ஒண்ணுமில்லன்னு நெனைச்சிக்கிட்டே கைய வெச்சா?"

"ஒண்ணுமில்லாத மரத்துல யாருடா கைய வெக்கப் போறாங்க" என்றேன்.

"தகரத்தயாவது மாட்டு."

"மாட்டுனா மறுபடியும் மொட்டை அடிச்சிடுவானுங்க. எனக்கு மரம் வேணும்."

அவன் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான்தான் அன்றைக்குப் பேசி ஜெயித்தேன்.

கடலூர் முதுநகரிலிருந்து வரும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், மெதுவாகப் பேசுவார். நான் ஏமாற்றியவர்களில் அவரும் ஒருவர். ஒரு கொத்து கொண்டுபோனவர், அடுத்த வருடம் பஸ் ஏறி என்னைப் பார்க்கவே வந்தார். கையில் தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல்.

"நீங்க குடுத்த தில்ல நல்லா புடிச்சிக்கிச்சி சார். மண்ணுல சொருகுனேன், ஒரே வருசத்துல வேலி மாரி ஆயிடுச்சி. தெருவுல அல்லாருக்கும் ஒடிச்சிக் குடுத்துட்டேன். அது வந்ததுலேர்ந்து வீட்ல ஒரு நிம்மதி."

பீச்சங்கு பிடிக்காமல் என்ன செய்யும். நான் பொங்கலைத் தின்றுகொண்டே தலையாட்டினேன். அவர் போன பிறகு படகோட்டியிடம் நடித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தேன். முதுநகரில் ஒரு தெரு முழுவதும் பீச்சங்கு கும்பிடுகிறது என்றேன். அவன் பொங்கலை மட்டும் வாங்கிக்கொண்டான், சிரிக்கவில்லை.

2012-இல், சித்திரை வெயில் ஏற ஆரம்பித்த நேரம், அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை மனைவியைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாளுக்கு என்னைப் பார்க்க வேண்டுமாம். கையெடுத்துக் கும்பிட்டார். இருவரும் பீச்சங்கை மூன்று சுற்றுச் சுற்றினார்கள், ஒடிக்கவில்லை. "எங்கூட்ல இருக்குதே, எதுக்கு ஒடிக்கணும்" என்றார் அந்த அம்மாள். படகில் போய்ச் சுற்றிவிட்டு வந்தார்கள். இறங்கியதும் கேட்காமலேயே பையைத் திறந்து காட்டினார்கள். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, தின்று மிச்சமான முறுக்கு. காட்டிலிருந்து ஒரு இலைகூட இல்லை. ஏழு வருடத்தில் நான் பார்த்த மிக ஒழுங்கான பை அது.

இறங்கும்போது அந்த அம்மாளின் செருப்பில் சேறு ஒட்டிக்கொண்டது. வழித்துப் போட ஒரு குச்சி தேடியிருக்கிறார். தலைக்கு மேலே கிளை நீட்டிக்கொண்டிருந்தது. சாமி மரம் என்றால் தொட்டிருக்க மாட்டார். இது ஒண்ணுமில்லாத மரம் என்று நான்தானே அவர் புருஷனிடம் சொல்லியிருந்தேன். எட்டிப் பிடித்து ஒடித்தார். அண்ணாந்து பார்த்தபடியே ஒடித்தார்.

சத்தம் கேட்டு நான் திரும்பியபோது அவர் உட்கார்ந்து இரண்டு கண்ணையும் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்கப் பால் உள்ளே போகும். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து விலக்கினேன். படகோட்டி குடத்தோடு வந்தான். குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றினோம். அந்த அம்மாள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "தெரியலங்க. ஒண்ணும் தெரியலங்க." ஆட்டோவில் சிதம்பரம் போகும் வரை நான் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனேன். ஆட்டோ குலுங்கியதில் பாதி அவர் புடவையில் போனது.

பத்து நாள் கண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். பார்வை திரும்பி வந்துவிட்டது. அதற்கு நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் வடக்கு வீதியிலிருந்தே கோபுரத்தைக் கும்பிட்டேன். கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் இல்லன்னா கண்ணே போயிருக்கும்னு டாக்டரு சொல்றாரு சார். நல்லவேள அது தில்ல மரம் இல்ல. தில்லய செருப்புச் சேறு வழிக்க ஒடிச்சிருந்தா, சாமி குத்தம்ல ஆயிருக்கும்?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் விசாரிக்க அதிகாரி வந்தார். நல்ல மனிதர், புதிதாக வந்தவர். மரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இது தில்லைதானே? வழியிலேயே நிக்குதே. ஒரு போர்டுகூடவா வைக்கல?"

படகோட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போவதுகூடப் பெரிதில்லை, முதுநகர்க்காரருக்குத் தெரியும், அந்தத் தெருவுக்குத் தெரியும், ஏழு வருடமாக எல்லாரையும் இளக்காரமாகப் பார்த்தவன் என்ன செய்தான் என்று துறை முழுவதும் தெரியும். நான் சொன்னேன்.

"வெச்சிருந்தேன் சார். யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க. டூரிஸ்ட்டுங்க எதத்தான் சார் உட்டு வெக்கிறாங்க."

அவர் உடனே நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள். நண்டையும் சேற்றையும் விடாதவர்கள் தகரத்தை விடுவார்களா. எத்தனையோ பேர் எத்தனையோ திருடியிருக்கிறார்கள், அவர்கள் திருடாத ஒன்றை நான் அவர்கள் தலையில் கட்டினேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விக்கும் நான்தான் பதில் சொன்னேன்.

"போர்டு வெச்சாலும் நிக்கலன்னா என்ன செய்யறது?"

"ஜனம் நடக்கற எடம் சார். ஆபத்துதான்."

நான் வேறு வழி சொல்லுவேன் என்று அவர் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. வேலி போடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேலி என்றால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் தகரம் எப்போது காணாமல் போனது என்று கேள்வி வரும். நான் சும்மா நின்றேன். உள்ளே நிறையத் தில்லை இருப்பதால் வழியோரத்து ஒன்றை எடுத்துவிடலாம் என்று முடிவானது.

வெட்டியது நானும் படகோட்டியும்தான். முகத்தில் துணி கட்டி, கையில் பாலிதீன் பை மாட்டிக்கொண்டு ரம்பம் போட்டேன். தில்லை மிருதுவான மரம், அதிக நேரம் ஆகவில்லை. அறுத்த இடத்திலிருந்து பால் வழிந்து சேற்றில் இறங்கியது. பத்து அடி தள்ளிப் பீச்சங்கு மஞ்சள் துணியோடு செழிப்பாக நின்றது. நாங்கள் கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதே ஒரு குடும்பம் வந்து அதைச் சுற்றிவிட்டு, எங்களைப் பார்த்து, "சாமி மரத்துக்குப் பக்கத்துல எடஞ்சலா இருந்தத வெட்டறாங்க" என்று பேசிக்கொண்டு போனது.

அந்த மாதக் கடைசியில் நான் வேலையை விட்டேன். கடைசி நாள் சாயந்திரம், ஷெட்டுக்குப் பின்னால் போய், சொருகி வைத்திருந்த தகரத்தை எடுத்துத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். யாராவது பார்த்துவிட்டால் என் பொய் நிற்காது. துறை வாசலில், நான் ஏழு வருடம் நின்ற இடத்தில், படகோட்டி நின்றுகொண்டிருந்தான்.

"பையக் காட்டு மச்சான்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. காட்டினேன். துண்டை விலக்கி, தகரத்தை வெளியே எடுத்து, எழுத்துக்கூட்டிக் கடைசி வார்த்தை வரை படித்தான். அந்தத் துறையில் அதை முழுவதும் படித்தவன் அவன் ஒருவன்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான்டா" என்றேன்.

அவன் தகரத்தைத் துண்டில் சுற்றித் திரும்பவும் பைக்குள்ளேயே வைத்தான். ஜிப்பை இழுத்து மூடினான். "பஸ்ஸு வந்துடும், போ" என்றான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை, பார்க்கப் போகவும் இல்லை. இந்தக் காட்டிலிருந்து எடுத்துப் போனவர்கள் எல்லாரும் ஆசைப்பட்டு எடுத்தார்கள். பயந்து எடுத்தவன் நான் ஒருவன்தான். தகரம் இன்னும் வீட்டுப் பரணில், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்துச் சாத்தி வைத்தபடி இருக்கிறது.